சராசரியும் சான்றாண்மையும்

அளந்து பார்ப்பது மனிதனின் பழைய பழக்கம். நெல்லை மரக்காலால் அளந்தான். நிலத்தைக் கோலால் அளந்தான். பொன்னைத் தராசில் இட்டு நிறுத்தான். பொருளை அளக்கக் கற்றவன் நாளடைவில் ஆளையும் அளக்கத் தொடங்கினான். பொருளை அளப்பதில் பிழை நேர்ந்தால் இழப்பு காசோடு போய்விடும். ஆளை அளப்பதில் பிழை நேர்ந்தாலோ, அதனை எதைக் கொண்டும் ஈடுசெய்ய இயலாது. ஆகவே, ஒருவனது தகுதியை எதனோடு ஒப்பிட்டு அளந்தால் அது நேர்மையாகும் என்னும் வினா, கணக்கியல் வினா மட்டுமன்று. அறவியல் வினாவும் ஆகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களம் ஒன்று உண்டு. அஃது அமெரிக்க மக்கள் தம் தேசிய ஆட்டமாகப் போற்றும் பேஸ்பால். ஒவ்வொரு வீரனும் மட்டையைக் கையில் எடுத்த நாள் முதல் கீழே வைத்த நாள் வரை செய்த அனைத்தையும் எண்ணாக்கிக் காத்துவருவது அவ்வாட்டத்தின் மரபு. நூறாண்டுகளுக்கு முன் ஆடி மறைந்தவனையும் நேற்று ஆடியவனையும் ஒரே ஏட்டில் அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். மனிதனை எண்ணால் அளக்கும் முயற்சி எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை அவ்வேடு நன்கு காட்டுகிறது.

எண்ணின் பிறப்பு

பேஸ்பால் ஆட்டத்தில் ஒருவர் பந்தை எறிவார். எதிரணியைச் சேர்ந்த ஒருவர் மட்டையால் அதனை அடிப்பார். அடித்தவர், எதிரணியினரின் பிழையின் துணையின்றி, முதல் தளத்தையேனும் பாதுகாப்பாக அடைந்துவிட்டால் அது வெற்றியடி எனப்படும். வெற்றியடிகளின் தொகையை அவர் அடிக்க நின்ற முறைகளின் தொகையால் வகுத்தால் அடிச்சராசரி கிடைக்கும். 10 முறைக்கு 3 வெற்றியடி அடித்தவரின் சராசரி 0.300. அந்த அளவை எட்டியவரே நல்ல மட்டையாளர் எனப் பெயர் பெறுவார். 10 முறையில் 7 முறை தோற்பவரை உலகம் வல்லவர் என்று பாராட்டுவது இவ்வாட்டத்தின் இயல்பு. தோல்வியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே திறமையை மதிக்கும் இப்பண்பு மாணவர் உலகம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இக்கணக்கு வானத்திலிருந்து இறங்கியது அன்று, மனிதர் வகுத்தது. 1824இல் இங்கிலாந்தில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறிய ஹென்றி சாட்விக் என்னும் செய்தியாளர், கிரிக்கெட் ஆட்டத்தின் கணக்கு முறையைத் தழுவி பேஸ்பாலுக்கும் பதிவு முறைகளை உருவாக்கினார். பந்தெறிபவர் நான்கு பந்துகளை உரிய எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டால், மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்திற்கு நடந்து செல்லலாம். இந்த நடை அடிச்சராசரிக் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் 1887ஆம் ஆண்டில் மட்டும் அதனையும் வெற்றியடியாகக் கணக்கிட்டனர். அவ்வாண்டுச் சராசரிகள் உயர்ந்து நின்றன. மறு ஆண்டே பழைய முறை திரும்பியது. வீரர்கள் மாறவில்லை, விதி மாறியது. எண்ணைக் கண்டு வியப்பதற்கு முன் அவ்வெண் எவ்விதியின் பிள்ளை என்று கேட்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இரு வீரர், ஓர் உயரம்

1930ஆம் ஆண்டில் நேஷனல் லீக்கைச் சேர்ந்த நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் பில் டெர்ரி 0.401 என்னும் சராசரியோடு முதலிடம் பெற்றார். 1968ஆம் ஆண்டில் அமெரிக்கன் லீக்கைச் சேர்ந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி 0.301 என்னும் சராசரியோடு முதலிடம் பெற்றார். ஒருவர் 10 முறைக்கு 4 வெற்றியடி. மற்றவர் 10 முறைக்கு 3 வெற்றியடி. எண்ணை மட்டும் நோக்குபவர், முன்னவர் மலை, பின்னவர் மேடு என்றே தீர்ப்பு வழங்குவர்.

அத்தீர்ப்பு சரிதானா? 1930இல் நேஷனல் லீக் வீரர்கள் அனைவரின் சராசரியே 0.303. அஃதாவது, 1968இல் முதல்வராக விளங்கிய யஸ்ட்ரெம்ஸ்கியின் எண், 1930இல் நடுத்தர வீரன் ஒருவனின் எண்ணுக்கும் சற்றுக் குறைவானது. அவ்வாண்டு பிலடெல்பியா பில்லீஸ் அணி முழுவதுமே 0.315 என்னும் சராசரியில் அடித்தது. அடித்தும் 102 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி இடத்தை அடைந்தது. அடிப்பது எளிதாயிருந்த காலம் அது. எல்லாருடைய வயலிலும் வெள்ளம் பாய்ந்த ஆண்டில் தன் வயலில் நீர் நிறைந்ததென்று ஒருவன் பெருமை கொள்வதற்கில்லை.

1968ஆம் ஆண்டோ பந்தெறிபவரின் ஆண்டு. அமெரிக்கன் லீக்கின் சராசரி 0.230ஆகத் தாழ்ந்திருந்தது. அந்த லீக்கில் 0.300ஐத் தாண்டிய ஒரே முழுநேர மட்டையாளர் யஸ்ட்ரெம்ஸ்கி. பந்தெறிபவர் நிற்கும் மேடு 15 அங்குல உயரம் இருந்தது. எறியப்படும் பந்து செல்லுபடியாகும் எல்லையும் 1963 முதல் அகன்றிருந்தது. மட்டையாளர் திணறுவதைக் கண்ட ஆட்டக் குழுவினர், 1969இல் மேட்டை 10 அங்குலமாகக் குறைத்தனர், எல்லையையும் சுருக்கினர். புதிய அணிகளும் சேர்ந்த அவ்வாண்டில் அமெரிக்கன் லீக்கின் சராசரி 0.246ஆக உயர்ந்தது. ஒரு குளிர்காலத்திற்குள் அத்தனை மட்டையாளரும் திறமையில் வளர்ந்துவிடவில்லை. அவர்கள் எதிர்கொண்ட மேடு ஐந்து அங்குலம் தாழ்ந்தது.

இப்போது ஒவ்வொருவரையும் அவரவர் காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். டெர்ரி தம் லீக்கின் சராசரியைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 32 பங்கு உயர்ந்து நின்றார். யஸ்ட்ரெம்ஸ்கி நூற்றுக்கு 31 பங்கு உயர்ந்து நின்றார். மலையும் மேடுமாகத் தோன்றியவர்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தினர். காலத்தையும் சூழலையும் நீக்கிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது, வேரை நீக்கிவிட்டு மரத்தை எடை போடுவதைப் போன்றது. சராசரியோடு ஒப்பிடுவது கணித நுட்பம் மட்டுமன்று. ஒருவன் எந்த நிலத்தில் நின்று முயன்றான் என்று கேட்டறியும் நீதி உணர்வும் ஆகும்.

ஒருநாள் எடுத்த முடிவு

காலத்தோடு வைத்து அளந்தாலும் தனித்து விளங்கும் வீரர் சிலர் உண்டு. அவருள் ஒருவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ். 1941இல் அமெரிக்கன் லீக்கின் சராசரி 0.266, வில்லியம்ஸின் சராசரி 0.406. தம் காலத்துச் சராசரியைவிட நூற்றுக்கு 53 பங்கு அவர் உயர்ந்து நின்றார். அப்போது அவருக்கு வயது 23.

அந்த எண் பிறந்த கதை எண்ணைவிடப் பெரிது. 1941 செப்டம்பர் 28, பருவத்தின் கடைசி நாள். பிலடெல்பியா நகரில் அன்று இரண்டு ஆட்டங்கள். அதுவரை அவர் 448 முறை நின்று 179 வெற்றியடிகள் அடித்திருந்தார். சராசரி 0.3995க்குச் சற்று மேல். ஏட்டில் எழுதும்போது அது 0.400 என்றே முழுமையாக்கப்படும். அன்று ஆடாமல் அமர்ந்துவிட்டால் புகழ் உறுதி. ஆடித் தவறினால் அது கைநழுவும். விரும்பினால் அமர்ந்துகொள்ளலாம் என்று அணியின் பொறுப்பாளர் ஜோ குரோனின் இடம் தந்தார். வில்லியம்ஸ் அதனை ஏற்கவில்லை. இரண்டு ஆட்டங்களிலும் களமிறங்கினார். 8 முறை நின்று 6 வெற்றியடிகள் அடித்தார். 456 முறைக்கு 185 என்று கணக்கு முடிந்தது.

அந்த எட்டு முறையும் அவர் தோற்றிருந்தால் சராசரி 0.393ஆகக் குறைந்திருக்கும். ஏடு அவரை நானூறு எட்டியவர் வரிசையில் சேர்த்திராது. ஆயினும், அமர மறுத்த அந்த முடிவின் உயர்வு ஓர் இம்மியும் குறைந்திராது. எண் செயலின் பயனை அளக்கும். செயலுக்குப் பின்னே நின்ற நெஞ்சத்தை அளக்காது. வெற்றி பெற்ற நெஞ்சுறுதியையும் தோல்வியுற்ற நெஞ்சுறுதியையும் எண் வேறாகக் காணும். அறம் ஒன்றாகவே காணும்.

அவருடைய வாழ்நாள் கணக்கிலும் எண் சொல்லாத செய்தி உண்டு. வாழ்நாள் சராசரி 0.344, ஹோம் ரன் 521. ஆனால் 1943 முதல் 1945 வரை மூன்று பருவங்கள் படைப்பணியில் கழிந்தன. 1952, 1953ஆம் ஆண்டுகளில் பெரும்பகுதி கொரியப் போரில் விமானியாகக் கழிந்தது. ஒருமுறை தீப்பற்றிய விமானத்தைத் தரையிறக்கி உயிர் பிழைத்தார். ஏட்டில் அவ்வாண்டுகள் பெரும்பாலும் வெற்றிடங்களாகவே நிற்கின்றன. செய்யாமையும் செய்ய வாய்ப்பின்மையும் எண்ணின் கண்ணுக்கு ஒன்றே. மனிதன்தான் அவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

உச்சி தாழ்ந்ததா?

1941க்குப் பிறகு அமெரிக்கன் லீக்கிலும் நேஷனல் லீக்கிலும் எவரும் ஒரு முழுப் பருவத்தில் 0.400ஐ எட்டவில்லை. முன்னோரின் வலிமை பின்னோரிடம் இல்லை என்று பலர் வருந்தினர். முதியோர் உலகம் எக்காலத்தும் பாடும் பாட்டு இது. ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரும் தொல்லுயிரியல் அறிஞருமான ஸ்டீவன் ஜே கோல்ட் இதனை மறுத்தார். அவர் காட்டிய காரணம் நுட்பமானது. நெடுங்காலமாக லீக்கின் சராசரி 0.260ஐ ஒட்டியே இருந்துவந்தது. விதிகளை அவ்வப்போது திருத்தி அதனை அந்நிலையில் காத்துவந்தனர். மாறியது ஒன்றே. மிக வல்லவருக்கும் மிக மெலியவருக்கும் இடையிலிருந்த தொலைவு சுருங்கிவிட்டது. பந்தெறிபவரும் பந்து தடுப்பவரும் மட்டையாளரும் ஒருங்கே தேர்ச்சி பெற்றதனால் தனியொருவர் வெகு தூரம் விலகி நிற்பது அரிதாயிற்று. உச்சி தாழவில்லை, சமவெளி உயர்ந்தது.

இங்கே ஒப்பீட்டின் மறுபக்கம் புலனாகிறது. சராசரியோடு ஒப்பிட்டுப் பெறும் உயர்வு ஒருவனது ஆற்றலால் மட்டும் அமைவதன்று. அருகில் நிற்போரின் தாழ்வாலும் அமைவது. பிறர் தளர்ந்தால் அவன் வளர்ந்ததாகத் தோன்றும். பிறர் வளர்ந்தால் அவன் தளர்ந்ததாகத் தோன்றும். ஒப்பீட்டையே புகழாகக் கொண்டவன் பிறருடைய வளர்ச்சிக்கு அஞ்சத் தொடங்குவான். அதனினும் கொடியது, பிறரைப் போட்டிக்கே வரவிடாமல் தடுத்துப் பெறும் உயர்வு.

வாயிலுக்கு வெளியே நின்றவர்

1941இன் சராசரி 0.266 என்று கண்டோம். அந்தச் சராசரியை உண்டாக்கியவர் யார்? அமெரிக்கன் லீக்கின் எட்டு அணிகளைச் சேர்ந்த வீரர்கள். அவர்களுள் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. திறமையுள்ளோர் அம்மக்களிடையே இல்லாமையால் அன்று. எழுதாத சட்டம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவர்களுக்கு வாயிலை அடைத்திருந்தது. அவர்கள் தமக்கெனத் தனி லீக்குகள் அமைத்து ஆடினர். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியபோதுதான் அந்தத் தடை உடைந்தது. வில்லியம்ஸின் சொந்த அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ், கறுப்பின வீரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டது 1959இல். அவ்வாறு சேர்த்துக்கொண்ட அணிகளுள் அதுவே கடைசி.

ஜாஷ் கிப்சன் என்பவர் அந்தத் தனி லீக்குகளில் ஆடிய பெருவீரர். 1911இல் பிறந்த அவர் 1947 ஜனவரியில், தம் 35ஆம் வயதில், மறைந்தார். ராபின்சன் களமிறங்குவதற்கு ஏறத்தாழ மூன்று திங்கள் முன்னர் அவர் வாழ்வு முடிந்துவிட்டது. பெரிய லீக்கின் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே எந்த எண்ணும் எழுதப்படவில்லை. எழுதப்படாத எண்ணை எந்தச் சராசரியோடு ஒப்பிடுவது?

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடைபெற்ற ஏழு கறுப்பின லீக்குகளையும் பெரிய லீக்குகளாக ஏற்பதாக மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு அறிவித்தது. 2024 மே மாதம் அவ்வீரர்களின் கணக்குகள் பொது ஏட்டில் சேர்க்கப்பட்டன. அதன்படி கிப்சனின் வாழ்நாள் சராசரி 0.372. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப் என்பாரின் 0.367ஐ அது முந்தியது. கிப்சன் மறைந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு ஏடு அவருக்கு முதலிடம் தந்தது.

இச்சேர்க்கையைக் குறை கூறுவோரும் உண்டு. அந்த லீக்குகளில் பருவத்திற்குரிய ஆட்டங்கள் குறைவு. பதிவுகளும் முழுமையாக இல்லை. ஆகவே ஒப்பீடு சரியாகாது என்பது அவர்தம் வாதம். கணக்கு முறைப்படி அதில் பொருள் உண்டு. ஆனால், ஆட்டங்கள் குறைந்ததும் பதிவுகள் சிதறியதும் எதனால்? வாயிலை அடைத்ததனால் நேர்ந்த குறையைக் காட்டி, வாயிலைத் திறக்க மறுப்பது நேர்மையாகாது. மேலும், 0.406 என்னும் எண்ணும் வல்லவர் பலர் இல்லாத களத்தில் பிறந்ததே. கறுப்பின லீக்குகளில் புகழ்பெற்ற சாச்சல் பெய்ஜ் முதலிய பந்தெறி வல்லுநரை 1941இன் அமெரிக்கன் லீக் மட்டையாளர் எதிர்கொண்டிருந்தால் அவ்வாண்டுச் சராசரி என்னவாகியிருக்கும்? எந்தக் கணிதமும் விடை கூறாது. அநீதி, ஒடுக்கப்பட்டவரின் கணக்கை மட்டும் கெடுப்பதில்லை. ஒடுக்கியவர் பக்கத்தில் நின்றவரின் கணக்கையும் ஐயத்திற்கு உரியதாக்கிவிடுகிறது.

சான்றோனின் சொல்

இந்த உண்மையை முதலில் உணர்ந்தோருள் ஒருவர் டெட் வில்லியம்ஸ் என்பது நினைக்கத்தக்கது. 1966 ஜூலையில் கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடமளித்துச் சிறப்புச் செய்தனர். தம் பெருமையைப் பேசுவதற்கென்றே அமைந்த மேடை அது. அம்மேடையில் நின்று அவர், சாச்சல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன் ஆகியோரின் பெயர்களைச் சொன்னார். வாய்ப்பு மறுக்கப்பட்ட காரணத்தால் இம்மண்டபத்தில் இடம்பெறாத அத்தகைய கறுப்பின வீரர்கள் ஒருநாள் இங்கே இடம்பெற வேண்டும் என்று விருப்பம் தெரிவித்தார். 1971இல் பெய்ஜும் 1972இல் கிப்சனும் அம்மண்டபத்தில் இடம்பெற்றனர்.

சராசரியைவிட உயர்ந்து நின்ற ஒருவர், அந்தச் சராசரியில் சேர்க்கப்படாதவரை நினைத்தார். தமக்குப் பக்கத்தில் மற்றொருவர் நின்றால் தம் உயரம் குறைந்து தோன்றுமே என்று அஞ்சவில்லை. 1941இல் ஆடாமல் கிடைக்கும் புகழை மறுத்ததும், 1966இல் தனியே நின்று பெறும் புகழை மறுத்ததும் ஒரே நெஞ்சத்தின் இரு செயல்களே. பிறர் தாழ்வில் தன் உயர்வைக் காண மறுப்பதே சான்றாண்மை. அதற்கு ஏட்டில் தனிப்பத்தி இல்லை.

அளப்போர் கடன்

இச்செய்தி ஆட்டக்களத்தோடு முடிவதன்று. அளக்கும் கோல் யார் கையில் உள்ளதோ அவர் அனைவர்க்கும் இது உரியது. ஆசிரியர்க்குச் சிறப்பாக உரியது. 40 மாணவர் பயிலும் வகுப்பின் சராசரி 60 புள்ளி என்று வைத்துக்கொண்டால், அவருள் சராசரியாக 30 புள்ளி பெறும் 10 மாணவர் தேர்வுக்கு வராதுபோன அன்று, வகுப்பின் சராசரி 70ஆக உயர்ந்துவிடும். எவனும் ஓர் எழுத்தும் கூடுதலாகக் கற்கவில்லை. ஆயினும் ஏடு வளர்ச்சி என்று கூறும். அந்த உயர்வைக் கண்டு மகிழும் ஆசிரியர், வாயிலுக்கு வெளியே நிற்கும் பத்துப் பிள்ளைகளை மறந்தவர் ஆவார். பெற்ற புள்ளியைக் காண்பவர் கணக்கர். எந்நிலையிலிருந்து பெற்றான் என்று காண்பவர் நடுவர். வராதவன் ஏன் வரவில்லை என்று தேடிச் செல்பவரே ஆசிரியர்.

எனவே ஒருவனை அளக்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. அவன் எக்காலத்தில், எச்சூழலில் நின்று முயன்றான்? அவன் பெற்ற பயனுக்குப் பின்னே இருந்த நெஞ்சுறுதி யாது? அவனோடு ஒப்பிடப்படுவதற்கு வாய்ப்பே பெறாமல் வெளியே நிறுத்தப்பட்டோர் யார்? முதல் வினாவுக்குச் சராசரி விடை கூறும். இரண்டாவதற்கு அவனுடைய செயல் விடை கூறும். மூன்றாவதற்கு விடை கூற வேண்டியவர், அளவுகோலைக் கையில் வைத்திருப்பவரே.